ரன்-ஃப்ளாட்டைக் கழற்றிவிட்டு சாதா டயர் போடலாமா?

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருக்கிறீர்கள். செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், எஃப்30 மாடல் 320டி வாங்கியிருக்கிறீர்கள். 17 இன்ச் வீல், 225/50 டயர், நாலும் ரன்-ஃப்ளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர். பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர்) தேய்ந்துவிட்டது. வண்டி சின்னக் குழிக்கெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. புதிய ரன்-ஃப்ளாட்டுக்கு டயர் கடையில் சொன்ன விலை கேட்டு மலைத்துப் போய்விட்டீர்கள். நண்பர்கள் எல்லாரும் "சாதா டயர் போடு, வண்டி மெத்தை மாதிரி ஆயிடும்" என்கிறார்கள். தினசரி ஓட்டம் ஊருக்குள், மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சென்னை, எப்போதாவது வால்பாறை. இதில் மாறினால் என்ன கிடைக்கும், என்ன போகும், செலவுக்காக இப்போதைக்குப் பின்னால் இரண்டை மட்டும் மாற்றலாமா என்பது கேள்வி.

மாற்றலாம். உங்கள் ஓட்டத்துக்கு நானும் சாதா டயர்தான் சொல்வேன். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. சொகுசு கூடும் என்பது உண்மை. மெத்தை மாதிரி ஆகும் என்பது உண்மையில்லை. உங்கள் வண்டியில் இருக்கும் குலுக்கலில் ரன்-ஃப்ளாட்டின் பங்கு எவ்வளவு, டயரின் வயசு எவ்வளவு, காற்று எவ்வளவு, சஸ்பென்ஷன் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் மாற்றினால், நாலு டயருக்குக் காசைக் கொட்டிவிட்டு "பரவாயில்லை, கொஞ்சம் தேவலை" என்று நிற்க வேண்டி வரும்.

முதலில் இந்த டயருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சாதா டயரில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றுதான். ரப்பர், அந்தக் காற்றை அடக்கி வைக்கும் பை. காற்று போனால் பக்கச் சுவர் மடிந்து, ரிம் அதன் மேல் உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் கொஞ்ச தூரம் ஓட்டினாலே பக்கச் சுவர் அரைபட்டுக் கிழிந்து, பீடு (ரிம்மைப் பிடித்திருக்கும் டயரின் ஓரம்) ரிம்மை விட்டு நழுவிவிடும். ரன்-ஃப்ளாட்டில் பக்கச் சுவரின் உட்புறத்தில் பிறை வடிவில் தடித்த, சூடு தாங்கும் ரப்பர் ஒன்றை வைத்திருப்பார்கள். காற்று சுத்தமாகப் போனாலும் அந்தச் சுவர் மடியாமல் நின்று வண்டியைத் தாங்கும். பீடு நழுவாமல் இருக்க ரிம்மிலும் கொஞ்சம் உயரமான ஒரு மேடு இருக்கும். அந்த ரிம்மில் சாதா டயர் தாராளமாக உட்காரும், ரிம்மை மாற்ற வேண்டியதில்லை. இதையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

காற்றில்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்? பொதுவாகச் சொல்லும் கணக்கு மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம். ஏன் இந்த வரம்பு என்றால், சூடு. காற்றில்லாத டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி விரிகிறது. அந்த அசைவில் ஒரு பங்கு சூடாக மாறுகிறது. வேகம் கூடினால் சூடு கூடும், பாரம் கூடினாலும் கூடும். உங்கள் வண்டிக்கு முந்தைய தலைமுறையான இ90 மாடலின் கையேட்டில் இதைப் பிரித்தே போட்டிருந்தார்கள். ஒன்றிரண்டு பேர், லக்கேஜ் இல்லை என்றால் 250 கி.மீ. வரை, நாலு பேர் லக்கேஜ் இல்லாமல் என்றால் 150, ஆளும் லக்கேஜும் நிறைந்திருந்தால் வெறும் 50. அப்புறம் வந்த கையேடுகளில் இது சுருங்கி 80 கி.மீ. என்ற பொதுக் கணக்காகிவிட்டது. நீங்கள் சென்னைக்குப் போவது நாலு பேரும் பெட்டி படுக்கையுமாக, மே மாத வெயிலில் என்றால் 80-ஐக் கூட நம்பிக்கொண்டு ஓட்டாதீர்கள். அடுத்த ஊர் வரை போய்ச் சேர ஒரு வழி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி சொகுசு. ரோட்டிலிருந்து வரும் அடியை முதலில் வாங்குவது டயர். அது வாங்கிய மிச்சம்தான் ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் போகிறது. பக்கச் சுவர் விறைப்பாக இருந்தால் டயர் வாங்க வேண்டிய பங்கை வாங்காமல் அப்படியே மேலே தள்ளிவிடும். ஆனால் இது எல்லா அடிக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது வேலை செய்வது சஸ்பென்ஷன். அதில் எந்த டயர் போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது கூர்மையான சின்ன அடிகளில்: பாலத்தின் இணைப்புகள், டோல்கேட்டுக்கு முன்னால் வரிவரியாகப் போட்டிருக்கும் தடித்த வெள்ளைப் பட்டைகள், ரோட்டில் பதித்த ரிஃப்ளெக்டர், கேபிள் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தின் விளிம்பு. இங்கெல்லாம் ரன்-ஃப்ளாட் "டக் டக்" என்று ஸ்டீயரிங் வரைக்கும் சேதி சொல்லும். சாதா டயர் அதே இடத்தில் "தொம் தொம்" என்று முடித்துக்கொள்ளும். சத்தத்திலும் இதே கதைதான். புதுத் தார் போட்ட நாலு வழிச் சாலையில் 100-இல் போகும்போது எது எந்த டயர் என்று கண்ணைக் கட்டிவிட்டால் சொல்வது கஷ்டம்.

ரன்-ஃப்ளாட் கொஞ்சம் கனமும் கூட. சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் எடை கூடினால் மோசமான ரோட்டில் சக்கரம் துள்ளுவதும் கூடும். மைலேஜில் இதனால் வரும் வித்தியாசம் சொல்லும்படியாக இருக்காது, அதை மனசில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

"காற்றில்லாமல் ஓடும் டயர் என்றாலே கரடுதான்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2003-இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபாண்டமும் காற்றில்லாமல் ஓடக்கூடிய டயரில்தான் வந்தது. அதைவிடச் சொகுசான காரைக் காட்டச் சொன்னால் யாரும் யோசிப்பார்கள். அதில் இருந்தது மிஷெலினின் பாக்ஸ் (PAX) என்ற வேறு முறை. பக்கச் சுவரைத் தடிமனாக்குவதற்குப் பதிலாக ரிம்மைச் சுற்றி டயருக்குள்ளே ஒரு வளையம் இருக்கும். காற்று போனால் வண்டி அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்து ஓடும். பாரம் தாங்கும் வேலை வளையத்துக்குப் போய்விட்டதால் பக்கச் சுவரை விறைப்பாக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆக, கரடுமுரடுக்குக் காரணம் அந்தத் தடித்த சுவர்.

பாக்ஸ் நல்ல யோசனைதான், ஆனால் நடைமுறையில் தோற்றுப்போனது. அமெரிக்காவில் 2005 ஹோண்டா ஒடிஸி வேனின் உயர் ரகத்தில் அதைக் கொடுத்தார்கள். அந்த டயருக்குத் தனி ரிம், தனி அளவு, கழற்றி மாட்டத் தனி உபகரணம். பஞ்சர் ஆனால் பக்கத்துக் கடையில் ஒட்ட முடியாது. அந்த வசதி உள்ள கடையைத் தேடிப் போக வேண்டும், டயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். உரிமையாளர்கள் வழக்குப் போடும் அளவுக்குப் போய், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சாதாரணக் கார்களில் இருந்து அது காணாமல் போய்விட்டது. அவசரத்தில் காப்பாற்றுகிற டயராக இருந்தால் மட்டும் போதாது, அதற்கு மறுநாள் காலையில் பக்கத்துக் கடைக்காரரால் வைத்தியம் பார்க்க முடிய வேண்டும். இன்றைய ரன்-ஃப்ளாட்டுக்கும் நம் ஊரில் இதே கேள்வி பாதி அளவுக்குப் பொருந்தும். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3517 என்று இருந்தால் 2017-இன் 35-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். ஒரு பக்கத்தில் முழு எண் தெரியாவிட்டால் உட்புறம் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வந்த இந்த வகைக் கார்களில் டயருக்கு ஆறேழு வயசு ஆகியிருப்பது சகஜம். ஓட்டம் குறைவாக இருந்தால் பட்டன் இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்து இறுகியிருக்கும். ரன்-ஃப்ளாட்டோ சாதாவோ, பழைய டயர் கல் மாதிரிதான் ஓடும். உங்கள் நண்பர்கள் "மாத்தினேன், ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்" என்று சொல்லும்போது அவர்கள் ஒப்பிடுவது ஏழு வயசு ரன்-ஃப்ளாட்டையும் நேற்று வாங்கிய சாதா டயரையும். அதில் பாதிப் பெருமை புது ரப்பருக்குச் சேர வேண்டியது. புது ரன்-ஃப்ளாட் போட்டிருந்தாலும் அவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கும்.

அடுத்து காற்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, நிறைந்திருந்தால் எவ்வளவு என்று அதில் தனித்தனியாக இருக்கும். பெட்ரோல் பங்கில் பெரிய காரைப் பார்த்ததும் நாலுக்கும் ஒரே அளவாகத் தூக்கி அடித்துவிடுவார்கள். அதுவும் 20 கி.மீ. ஓட்டிவிட்டுச் சூடான டயரோடு போய் நின்றால் அளவே தப்பாகக் காட்டும். ஒரு சின்ன கேஜ் வாங்கி வைத்துக்கொண்டு காலையில் வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். ஊருக்குள் இரண்டு பேர் போகும் வண்டியில் முழு பாரத்துக்கான காற்று இருந்தால் அதைக் குறைத்த அன்றைக்கே பாதிப் பிரச்சினை போய்விடும், செலவே இல்லாமல்.

மூன்றாவது சஸ்பென்ஷன். இந்த வயசு எஃப்30-இல் முன்பக்க சஸ்பென்ஷன் கைகளின் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்) தளர்ந்திருப்பதும், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருப்பதும் சாதாரணம். குழியில் விழும்போது குலுக்கலோடு "கடக்" என்று உலோகச் சத்தமும் சேர்ந்து வந்தால், பிரேக் போடும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால், டயரைக் குறை சொல்வதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் போன வண்டிக்கு எந்த டயர் போட்டாலும் புஷ் போன வண்டிதான்.

உங்களுக்கு 17 இன்ச் வீல் இருப்பது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். 225/50 ஆர்17 டயரில் பக்கச் சுவரின் உயரம் 112 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இதே வண்டியில் எம் ஸ்போர்ட் வாங்கியவர்களுக்கு 18 இன்ச்சில் 225/45 வந்திருக்கும். அதில் சுவர் 101 மி.மீ. தான். 11 மி.மீ. ரப்பர் போய் அந்த இடத்தில் உலோகம் வந்துவிட்டது. மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 18 இன்ச் சாதா டயருக்கும் 17 இன்ச் ரன்-ஃப்ளாட்டுக்கும் நம் ரோட்டில் சொகுசில் பெரிய இடைவெளி இருக்காது. அதனால் யாராவது "18 இன்ச் அலாய் சீப்பா இருக்கு, மாத்திடலாம்" என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அழகுக்கு ஆசைப்பட்டு வாங்கிய சொகுசையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள், ரிம் வளைவதும் கூடும்.

ரிம் வளைவதைப் பற்றி ஒரு வார்த்தை. கூர்மையான குழியில் வேகமாக விழுந்தால் சாதா டயரின் சுவர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் அறுந்து பக்கவாட்டில் புடைத்துக்கொள்ளும். ரன்-ஃப்ளாட்டின் சுவர் அவ்வளவு சுலபமாக நசுங்காது, ஆனால் அந்த அடி ரிம்முக்குப் போகும். விறைப்பான டயரோடு இருக்கும் அலாய் வீலில் விரிசல் வந்து பார்த்திருக்கிறேன். புடைப்பு ரன்-ஃப்ளாட்டிலும் வரும், வந்தால் அதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். இந்த விஷயத்தில் இரண்டில் எதையும் நான் ஜெயிக்க வைக்க மாட்டேன்.

ஓட்டும் சுகம் குறையுமா என்று கேட்பீர்கள். பிஎம்டபிள்யூ தன் ஸ்பிரிங், ஷாக், புஷ் எல்லாவற்றையும் ரன்-ஃப்ளாட்டின் விறைப்பைக் கணக்கில் எடுத்துத்தான் அமைத்தது. சாதா டயர் போட்டதும் முதல் வாரம் ஸ்டீயரிங் திருப்பும்போது ஒரு நொடிப் பிசிறு தாமதம் தெரியலாம். அப்புறம் பழகிவிடும். அந்தக் கம்பெனியே தன் எம்3 காருக்கு அந்தக் காலத்தில் ரன்-ஃப்ளாட் போடவில்லை. சாதா டயரும், பஞ்சர் ஆனால் அடிக்க ஒரு சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் பசை) கிட்டும்தான் கொடுத்தது. வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்த காரில் வேண்டாம் என்று விட்டதை உங்கள் 320டி-யில் விட்டால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை.

சரி, நடைமுறை. இதில்தான் முடிவு இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் ஊரில் பஞ்சர் எப்படி ஆகிறது? பெரும்பாலும் ஆணி அல்லது கம்பித் துண்டு பட்டனில் குத்தி அங்கேயே நிற்கும். டியூப்லெஸ் டயரில் காற்று ஒரே அடியாகப் போகாது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வண்டியில் டயர் காற்று எச்சரிக்கை இருப்பதால் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஓரம் கட்டி, சின்ன கம்ப்ரசரில் காற்று ஏற்றி, அடுத்த கடைக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம். கோவையிலிருந்து சேலம் வழியாகச் சென்னை போகும் வழி முழுக்கப் பஞ்சர் கடைகள் இருக்கின்றன, பாதி கடைகள் லாரிக்காக ராத்திரியும் திறந்திருக்கும். இப்படிப்பட்ட மெதுவான கசிவில் ரன்-ஃப்ளாட் உங்களுக்குக் கூடுதலாக எதுவும் தருவதில்லை. அது தன் விலைக்கு வேலை செய்வது காற்று சட்டென்று போகும்போது மட்டும்: கல் கிழித்தது, இரும்புத் துண்டு ஏறியது, வால்வு உடைந்தது. அப்போதும் சுவரில் பெரிய துண்டே பிய்ந்துவிட்டால் ரன்-ஃப்ளாட்டும் நிற்காது.

அப்படி ஓட்டிக்கொண்டு வந்த பிறகு என்ன ஆகும்? காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃப்ளாட்டை ஒட்டிப் பயன்படுத்தலாமா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி பேச்சு வேறு. உள்ளே எவ்வளவு சூடேறியது, சுவர் எவ்வளவு சேதப்பட்டது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் துகள் உதிர்ந்து கிடந்தாலோ சுவரின் உட்புறம் சுருக்கம் விழுந்து நிறம் மாறியிருந்தாலோ அந்த டயர் முடிந்தது. அதாவது சாதா டயரில் பஞ்சர் ஒட்டும் செலவோடு போகிற சம்பவம் இங்கே ஒரு புது டயர் செலவாக முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்தப் புது டயரும் எல்லா ஊரிலும் கிடைக்காது. கோவை, சென்னை, பெங்களூரு என்றால் அன்றோ மறுநாளோ வாங்கலாம். உளுந்தூர்பேட்டையில் நின்றுகொண்டு 225/50 ஆர்17 ரன்-ஃப்ளாட் கேட்டால் கடைக்காரர் உங்களைப் பாவமாகப் பார்ப்பார்.

மாட்டுவதும் அப்படித்தான். சுவர் விறைப்பாக இருப்பதால் டயரை ரிம்மிலிருந்து கழற்ற, அழுத்திப் பிடிக்கும் கூடுதல் கை உள்ள மெஷின் வேண்டும். அது இல்லாத கடையில் லீவர் போட்டு நெம்பி பீடைக் கிழித்துவிடுவார்கள், அல்லது ரிம்முக்குள் காற்று சென்சார் இருந்தால் அதை உடைத்துவிடுவார்கள். கிழித்தது அப்போது தெரியாது, நாலு நாள் கழித்துக் காற்று இறங்கும்போதுதான் தெரியும்.

ரன்-ஃப்ளாட் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் இறங்கி டயரைப் பார்ப்பார்கள். டயர் ஜம்மென்று நிற்கும். "சென்சார் கம்ப்ளெய்ன்ட்" என்று சொல்லி ரீசெட் பண்ணிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ரன்-ஃப்ளாட்டில் பாதிக் காற்று போனாலும் கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் பங்கில் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து "காத்து கரெக்டா இருக்கு சார்" என்று சொல்வதெல்லாம் இதில் செல்லாது. இப்படி வாரக்கணக்கில் காற்றுக் குறைவாக ஓடிய டயர்தான் திடீரென்று ஒரு நாள் பிய்ந்துகொள்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய உங்களுக்கு முந்தைய உரிமையாளர் அப்படி ஓட்டினாரா என்று தெரியாது. அதனால் பட்டன் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் இந்தப் பழைய நாலையும் வைத்துக்கொண்டு "இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம்" என்று யோசிக்காதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும், ரன்-ஃப்ளாட்டையே போடுங்கள் என்று நான் சொல்லும் ஆட்களும் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கி.மீ., அதில் 40 கொண்டை ஊசி வளைவு. மேலே பாதி வழியில் டயர் கிழிந்தால் கடையும் கிடையாது, பல இடத்தில் போனில் டவரும் கிடையாது. சாயங்காலத்துக்கு மேல் என்றால் யானை நடமாட்டம். அங்கே இறங்கி ஜாக்கி போடுவதைவிட, மெதுவாக உருட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்கே இறங்கிவிடுவது எவ்வளவோ மேல். ரன்-ஃப்ளாட்டின் 80 கி.மீ. அதற்குச் சரியாகப் போதும். சத்தியமங்கலத்துக்கு மேல் திம்பத்தின் 27 வளைவும் அப்படித்தான். காட்டு வழியில் வாரம் இரண்டு மூன்று தடவை போகிறவர், ராத்திரி தனியாக ஓட்டுகிறவர், இறங்கி வீல் மாற்ற முடியாத பெரியவர் இவர்களுக்கெல்லாம் அந்தக் கரடு ஒரு விலையே இல்லை. உங்கள் வீட்டில் இந்த வண்டியை அதிகம் ஓட்டப் போவது யார் என்று நீங்கள் சொல்லவில்லை. அது உங்களைவிட வேறொருவர் என்றால், அவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வீல் மாற்றுவது இந்த வண்டியில் மாருதி மாதிரி சுலபமும் இல்லை. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் ஹப்பில் ஸ்டட் (மரை போட்ட கம்பி) நீட்டிக்கொண்டிருக்கும், வீலை அதில் தொங்கவிட்டு நட்டை முடுக்கலாம். பிஎம்டபிள்யூவில் ஸ்டட் கிடையாது. வீலைத் தூக்கிப் பிடித்து, துளைக்குத் துளை சேர்த்து, வெளியிலிருந்து போல்ட்டை விட வேண்டும். பழக்கம் இல்லாதவர் ரோட்டோரம் இருட்டில் இதைச் செய்வது லேசில்லை. ஒருமுறை பகலில் வீட்டு வாசலில் வைத்துச் செய்து பாருங்கள். கடைசியில் முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்சில் 140 நியூட்டன் மீட்டர் வைத்து முடுக்க வேண்டும். கடையில் ஏர் கன்னால் முடுக்கிவிட்டால் ரோட்டில் உங்களால் கழற்றவே முடியாது.

சாதா டயருக்கு மாறினால் வண்டியில் என்ன வைத்திருக்க வேண்டும்? டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி இருந்தால் அதன் காற்றையும் தயாரித்த வருஷத்தையும் பாருங்கள். அது மெலிந்த டோனட் வகையாகத்தான் இருக்கும், அதிலும் 80-க்கு மேல் ஓட்டக் கூடாது. இல்லையென்றால் ஒன்று வாங்கலாம், ஆனால் டிக்கியில் இடத்தை நன்றாகவே பிடிக்கும், சென்னைக்குப் பெட்டி வைக்கும்போது தெரியும். எப்படியும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்றும், ஆணி பிடுங்கி ரப்பர்த் திரி செருகும் கிட் ஒன்றும் போட்டுவையுங்கள். சீலன்ட் பாட்டில் இருந்தால் அதற்குக் காலாவதித் தேதி உண்டு, பழைய காரோடு வந்ததை நம்பாதீர்கள். சீலன்ட் பட்டனில் ஏறிய சின்னத் துளைக்குத்தான் உதவும், பக்கச் சுவர்க் கிழிசலுக்கு உதவாது. அதை அடித்த டயரைக் கடையில் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். திரிதான் எனக்குப் பிடித்தது. கடையில் பிறகு உள்ளிருந்து காளான் பேட்ச் போட்டுக்கொள்ளலாம்.

சட்டப்படி பிரச்சினை வருமா என்று பயப்பட வேண்டாம். 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதியில் வந்த திருத்தப்படி, டியூப்லெஸ் டயரும் காற்று எச்சரிக்கையும் பஞ்சர் கிட்டும் உள்ள காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. டயர் வாங்கும்போது பார்க்க வேண்டியது அளவு, லோட் இண்டெக்ஸ், ஸ்பீடு ரேட்டிங் மூன்றும் கம்பெனி சொன்னதற்குக் குறையாமல் இருக்கிறதா என்பது. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், டபிள்யூ என்றால் 270 கி.மீ. வேகம் வரை. விலை குறைகிறதே என்று 91-க்கு இறங்காதீர்கள். வண்டிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தால் மட்டும் அவர்களிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் தவறுதலாக மறுபடி ரன்-ஃப்ளாட்டே வந்துவிடாமல் பக்கச் சுவர் எழுத்தையும் பாருங்கள். பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிஷெலினில் ஜெட்பி, குட்இயரில் ஆர்ஓஎஃப், கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர் என்று இருந்தால் அது ரன்-ஃப்ளாட். நட்சத்திரக் குறி இருந்தால் பிஎம்டபிள்யூவுக்கென்று ஒப்புதல் பெற்றது என்று அர்த்தம். அது ரன்-ஃப்ளாட்டிலும் உண்டு, சாதாவிலும் உண்டு. மாட்டிய பிறகு காற்றைச் சரி பார்த்து, ஐ-டிரைவில் (வண்டியின் திரை மெனுவில்) டயர் எச்சரிக்கையை ரீசெட் செய்து, சிறிது தூரம் ஓட்டி அது பழையபடி வேலை செய்கிறதா என்று பாருங்கள். அலைன்மென்டையும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

கடைசியாக, பின்னால் இரண்டை மட்டும் மாற்றுவது. வேண்டாம். முன்னால் விறைத்த ரன்-ஃப்ளாட், பின்னால் இளகிய சாதா டயர் என்றால் திரும்பும்போது முன்பக்கம் ஒரு மாதிரியும் பின்பக்கம் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும். உங்களுடையது பின்சக்கரத்தில் ஓடும் வண்டி, மழையில் அவசரமாக வளைக்க நேரும்போதுதான் அது தெரியவரும். ஒரே ஆக்ஸிலில் ஒன்று அது, ஒன்று இது என்பது இன்னும் மோசம். நாலுக்கும் ஒரே நேரத்தில் பணம் இல்லையென்றால், விலை உயர்ந்த பிராண்டில் இரண்டு வாங்குவதைவிட ஒரு படி கீழே உள்ள நல்ல பிராண்டில் நாலு வாங்குங்கள். சாதா டயர் என்பதால் அந்தத் தேர்வுக்கு உங்களுக்கு இடம் இருக்கிறது, ரன்-ஃப்ளாட்டில் கடைக்காரர் காட்டும் ஒன்றிரண்டில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.